கெடு மேடமும் அண்ணன் மகளின் கட்டுரையும்

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கெடு மேடம் என்று பெயர். வைத்தவர்கள் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள். "தலைப்புக்குக் கெடு வெள்ளிக்கிழமை", "முதல் வரைவுக்குக் கெடு மாதக் கடைசி" என்று வாயைத் திறந்தாலே கெடு கெடு என்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது அவளுக்கும் தெரியும். பெற்றோரில் பாதிப் பேர் அந்த அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள் என்பதும் தெரியும்.

அவள் வேதியியல் ஆசிரியை. சோதனைக்குழாயும் அமிலமுமாக நிம்மதியாக இருந்தவள். பள்ளி சர்வதேச டிப்ளமா திட்டத்தில் சேர்ந்தபோது எல்லா ஆசிரியர்களுக்கும் தலையணை கனத்தில் ஒரு விதிப் புத்தகம் கொடுத்தார்கள். மற்றவர்கள் அதை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோனார்கள். இவள் முழுதும் படித்ததோடு நிற்காமல் கூட்டத்தில் எழுந்து ஒரு சந்தேகமும் கேட்டுத் தொலைத்தாள். "இவ்வளவு நுணுக்கமா படிச்சிருக்கீங்களே, நீங்களே பாத்துக்கங்க மேடம்" என்று முதல்வர் மொத்தத்தையும் அவள் தலையில் கட்டிவிட்டார். அன்று முதல் அவள் ஒருங்கிணைப்பாளர். அவளுடைய அறைக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். மெஷின் ஓடினால் மேஜையில் இருக்கும் தேநீர்க் கோப்பை தானாக நகரும்.

வேலையில் முக்கால்வாசி, விளக்கம் சொல்வது. ஒவ்வொரு வருடமும் புதிய பெற்றோரை அரங்கில் உட்காரவைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டு வருடப் படிப்பு. ஆறு பாடங்கள். தாய்மொழி ஒன்று, இன்னொரு மொழி ஒன்று, சமூகம் சார்ந்தது ஒன்று, அறிவியல் ஒன்று, கணிதம் ஒன்று; ஆறாவதாகக் கலை, அது வேண்டாமென்றால் அறிவியலிலோ சமூகத்திலோ இன்னொன்று. ஆறில் மூன்றை ஆழமாகப் படிக்க வேண்டும், மற்ற மூன்றை ஓரளவு. ஒவ்வொன்றுக்கும் ஏழு புள்ளி. இதுவரை எல்லோரும் தலையாட்டுவார்கள். வம்பு இதற்கு அப்புறம்தான். நாலாயிரம் வார்த்தைக்கு மிகாமல் ஓர் ஆய்வுக் கட்டுரை. அறிவுக் கோட்பாடு என்று ஒரு வகுப்பு. பிறகு படைப்பு, உடற்பயிற்சி, சேவை என்று வகுப்புக்கு வெளியே செய்ய வேண்டியவை.

"சேவைக்கு எத்தனை மார்க் மேடம்?"

"மார்க் கிடையாது சார்."

"அப்ப விட்டுடலாமா?"

"விட்டா டிப்ளமா கிடையாது."

"அவ்வளவு முக்கியம்னா மார்க் போடலாமே?"

இந்தக் கேள்வியை அவள் எத்தனை வாயிலிருந்து கேட்டிருப்பாள்! அரைத்த மாவையே அரைத்து அரைத்து அவளுக்குத் தொண்டைக் கட்டு வந்ததுதான் மிச்சம்.

இந்த நிலையில்தான் அவளுடைய அண்ணன் தன் மகளைக் கொண்டுவந்து அதே படிப்பில் சேர்த்தார். அண்ணன் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். கடைக்கு வரும் ஒருவருடைய மகன் இந்த டிப்ளமாவை முடித்துவிட்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தான். அதைக் கேட்ட மறுவாரமே அண்ணன் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விண்ணப்பம் வாங்கி, இடம் பிடித்து, எல்லாம் முடிந்த பிறகு முகமெல்லாம் சிரிப்பாக வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இனி எனக்குக் கவலையே இல்ல. உன் ஸ்கூல்தானே!"

"என் ஸ்கூல் இல்லண்ணா. நான் அங்க வேலை பாக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

ரெண்டும் ஒன்றில்லை என்பதை அவருக்குப் புரியவைக்க அவள் அன்று சாயங்காலம் முழுவதும் கரடியாய்க் கத்தினாள். வினாத்தாள் வெளியிலிருந்து வருகிறது, திருத்துபவர்கள் வேறு ஏதோ தேசத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், எங்கள் கையில் இருப்பது சொற்பம், அதையும் அவர்கள் சரிபார்ப்பார்கள் என்றாள். அண்ணன் எல்லாவற்றுக்கும் "சரி சரி" என்றார். எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதற்கு அந்த இரண்டாவது "சரி" தான் அடையாளம்.

அண்ணன் மகளை வீட்டில் பாப்பா என்பார்கள். பதினேழு வயதாகியும் பாப்பாதான். பள்ளியில் அத்தையை "மேடம்" என்றும் வீட்டில் "அத்தை" என்றும் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. அவள் பதற்றத்தில் "மேடத்தை" என்று கூப்பிட்டு வகுப்பையே சிரிக்கவைத்தாள். கெடு மேடம் நேராக முதல்வரிடம் போய், பாப்பாவின் வேலை எதையும் தான் பார்க்க மாட்டேன், வேறு யாராவது பார்க்கட்டும் என்று எழுதியே கொடுத்துவிட்டாள். அப்படித்தான் பாப்பாவின் ஆய்வுக் கட்டுரைக்கு ஜியாக்ரஃபி சார் வழிகாட்டியானார். இளவயசுக்காரர், நல்ல மனுஷர். எப்போதும் மூக்கடைப்பு. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது.

பாப்பா எடுத்த விஷயம் பேருந்து நிறுத்தத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் நடைபாலம். பெரிய சாலைக்கு மேலே மஞ்சள் வர்ணம் அடித்துக் கம்பீரமாக நிற்கிறது. ஒருவரும் ஏறுவதில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கீழேதான் சாலையைக் கடக்கிறார்கள். ஏன்? இதுதான் கேள்வி. ஜியாக்ரஃபி சாருக்குக் கேள்வி பிடித்துப்போயிற்று. கேள்விப்பட்ட அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

"ஏன் ஏறலன்னா சோம்பேறித்தனம். ஒரு வார்த்தை முடிஞ்சுது. மிச்சம் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சத்துக்கு என்ன எழுதுவா? வெளிநாட்டுக்காரன் படிச்சுட்டு சிரிக்க மாட்டான்?"

"அண்ணா, அதை நான் பேசக் கூடாது. அவ வாத்தியார்கிட்ட கேளுங்க."

"நீ எதைத்தான் பேசுவ?"

அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு நின்றுபோனது. நின்றதற்குக் காரணம் தன் பதில்தான் என்று கெடு மேடம் நினைத்துக்கொண்டாள். பாப்பாவும் பாலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. எதிரில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

கடைசி வரைவுக்குக் கெடு முடிந்த மறுநாள் ஜியாக்ரஃபி சார் கைக்குட்டையும் கையுமாக அவள் அறைக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"மேடம், உங்க அண்ணன் பொண்ணு கட்டுரை வந்துடுச்சு. ரொம்ப நல்லா இருக்கு."

"நல்லா இருந்தா சந்தோஷம்தானே சார். ஏன் அழற மாதிரி நிக்கிறீங்க?"

"அதான் மேடம் பிரச்சினை. எனக்கே பாதி புரியல."

பாலம் எங்கோ மாயமாய்ப் போயிருந்தது. வந்திருந்தது துறைமுக நகரங்களில் நிலமதிப்பு மாறிய விதம் பற்றிச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஓர் ஆய்வு. பக்கத்துக்குப் பக்கம் வரைபடம், கடைசியில் வாயில் நுழையாத பெயர்களோடு மேற்கோள் பட்டியல். அவள் கையை நீட்டவில்லை. "என்கிட்ட காட்டாதீங்க சார். முதல்வர்கிட்ட போவோம்" என்றாள்.  தனக்கு வந்தது பயமா கோபமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

கட்டுரை முடிந்ததும் வழிகாட்டியும் மாணவரும் உட்கார்ந்து ஒருமுறை பேச வேண்டும் என்பது திட்டத்திலேயே உள்ளது. எப்படி ஆரம்பித்தாய், எங்கே தடுக்கியது, என்ன கற்றாய் என்று சாதாரணப் பேச்சு. அந்தப் பேச்சை முதல்வர் தன் அறையிலேயே வைத்தார். ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் கெடு மேடமும் இருக்க வேண்டும், ஆனால் வாய் திறக்கக் கூடாது என்றார். அவள் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

ஜியாக்ரஃபி சார் மென்மையாகத்தான் கேட்டார். "இந்த மேப்ல ஊதா கலர் எதைக் குறிக்குதும்மா?"

பாப்பா வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தாள். "அது... கலர் சார்."

"சரி. எந்த மூணு துறைமுகத்தை எடுத்திருக்க?"

பாப்பா ஒன்றைச் சொன்னாள். யோசித்து இன்னொன்றைச் சொன்னாள். மூன்றாவதற்குத் திருதிருவென்று விழித்து, முதலில் சொன்னதையே மறுபடி சொன்னாள். ஜியாக்ரஃபி சார் தும்மினார். முதல்வர் மேஜைமேல் இருந்த பேனாக்களை ஒழுங்காக அடுக்க ஆரம்பித்தார். கெடு மேடத்துக்கு எழுந்துபோய் அந்தப் பெண்ணின் காதைத் திருக வேண்டும் போல் இருந்தது. அதே நேரம் அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது.

"நான் எழுதல சார்" என்றாள் பாப்பா. "அப்பா ஒரு டியூஷன் சென்டர்ல காசு கொடுத்து எழுதி வாங்கிட்டாரு. பாலத்தைப் பத்தி எழுதினா மானம் போயிடும்னு சொன்னாரு." சொல்லி முடித்ததும் பெரிய பாரத்தை இறக்கிவைத்தவள் போல மூச்சு விட்டாள். அப்புறம்தான் அழுகை வந்தது.

கெடு மேடம் மறுநாள் மதியமே விடுப்பு சொல்லிவிட்டு அண்ணன் கடைக்குப் போனாள். கடையின் பின்பகுதியில் மாதிரிக் குளியலறைகள் வரிசையாக இருக்கும். தண்ணீர் வராத குழாய்கள், யாரும் முகம் பார்க்காத கண்ணாடிகள். ஊதாப் பூப்போட்ட குளியலறை ஒன்றுக்குள் நின்றபடிதான் அண்ணனும் தங்கையும் சண்டை போட்டார்கள். வாடிக்கையாளர் காதில் விழக் கூடாது என்று அண்ணன்தான் அங்கே தள்ளிக்கொண்டு போனார். சுவரெல்லாம் டைல்ஸ். பேசியது இரண்டு மடங்காக எதிரொலித்தது.

"இதுல என்ன தப்புங்கற? வீடு கட்டறோம். கொத்தனார்தான் கட்டறாரு. வீடு யாருது? நம்மளுது. கட்டுரையும் அப்படித்தான்."

"அப்ப டிப்ளமாவைக் கொத்தனாருக்குக் கொடுத்துடலாமா?"

"எதுக்கெடுத்தாலும் ஏட்டிக்குப் போட்டி பேசாத. ஒரு கையெழுத்து. கூடப் பொறந்தவனுக்கு ஒரு கையெழுத்து போட மாட்ட?"

"கையெழுத்து போட வேண்டியது நான் இல்ல. ஜியாக்ரஃபி சார். இது இந்தப் பொண்ணு சொந்தமா எழுதினதுன்னு அவர் உறுதி சொல்லணும்."

"நீ சொன்னா அவரு போடுவாரு."

"போடுவாரு. அதனாலதான் சொல்ல மாட்டேன்."

அண்ணன் வாஷ்பேசின் விளிம்பைத் தட்டினார். "எல்லாரும் பண்றாங்க. உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. இந்த ஆளிடம் எத்தனை தடவை சொல்வது? "அண்ணா, காது கொடுத்துக் கேளுங்க. அங்க கண்டுபிடிச்சாங்கன்னா கட்டுரை மட்டும் போகாது. டிப்ளமாவே போகும். ஆறு பாடத்தையும் தலையால தண்ணி குடிச்சுப் படிச்சிருக்கா அவ. மேத்ஸ்ல அவ வாங்கற மார்க் உங்களுக்குத் தெரியுமா? கேட்டிருக்கீங்களா? எல்லாத்தையும் சேத்துக் குழியில தள்ளப் பாக்கறீங்க. என்னோட வேலையும் போகும். அது போனா போகட்டும். நேத்து அந்தப் பொண்ணு முதல்வர் முன்னாடி நின்ன மாதிரி நீங்க ஒரு தடவை நின்னு பாத்திருக்கணும்."

"நேத்தா? என்ன நடந்துச்சு நேத்து?"

கேட்டது அண்ணன் அல்ல. பில் போடும் இடத்திலிருந்து அண்ணி எழுந்து வந்து குளியலறை வாசலில் நின்றிருந்தார். கடைக் கணக்கு முழுவதும் அண்ணி கையில்தான். ஆனால் இந்தக் கட்டுரை விவகாரம் அவருக்குத் தெரியாது என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

கெடு மேடம் நடந்ததைச் சொன்னாள். பூசி மெழுகவில்லை.  அண்ணி கணவரைப் பார்த்து, "பாப்பா பாலத்தைப் பத்தி எழுதினது எங்க?" என்றார்.

"அது கெடக்கு எங்கயோ. நாலு பக்கம் கிறுக்கி வெச்சிருந்தா."

"எங்கயோன்னா எங்க?"

அண்ணன் தண்ணீர் வராத குழாயைத் திருகிப் பார்த்தார். அண்ணி நாத்தனாரிடம் திரும்பி, "இன்னும் டைம் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. பிள்ளைகள் சபிக்கும் அந்தக் கெடு எல்லாம் அவளாக வைப்பது. டிப்ளமா தலைமையகத்தின் உண்மையான கெடு எப்போதும் சில வாரங்கள் தள்ளித்தான் இருக்கும். யாருக்காவது காய்ச்சல் வரும், யாருடைய கணினியாவது உயிரைவிடும், யாராவது கடைசி நேரத்தில் புத்தி கெட்டுப்போவார்கள் என்று அந்த வாரங்களை அவள் ஒளித்துவைத்திருப்பாள். வெளியில் சொன்னால் அந்த வாரங்களையும் தின்று தீர்த்துவிடுவார்கள் என்பதால் சொல்வதில்லை. இந்த முறை புத்தி கெட்டது தன் குடும்பத்தில்தான் என்பது அவளுக்கு எரிச்சலிலும் எரிச்சல்.

முதல்வர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். துறைமுகக் கட்டுரை பள்ளியை விட்டு வெளியே போகாது. பெற்றோருக்கு எச்சரிக்கை உண்டு. மாணவி தானே எழுதினால், அதை ஜியாக்ரஃபி சார் ஒவ்வொரு கட்டமும் பார்த்துத் திருப்திப்பட்டால், அனுப்பலாம். இல்லையென்றால் டிப்ளமா கிடையாது, தனித்தனிப் பாடங்களுக்கான சான்றிதழோடு திருப்திப்பட வேண்டியதுதான். வேறு எந்தப் பிள்ளைக்கும் இதைத்தான் சொல்லியிருப்பேன் என்று கெடு மேடத்தைப் பார்த்துச் சொன்னார். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

அண்ணன் அன்றோடு பேச்சை நிறுத்தினார். தொலைபேசி அடித்தால் எடுப்பதில்லை. தெருவில் பார்த்தால் எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் படிக்க ஆரம்பித்துவிடுவார். "என் தங்கச்சி என்னை விதிப் புத்தகத்தால அடிச்சுட்டா" என்று உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. ஆளுக்கு ஆள் அவளைக் கூப்பிட்டுப் புத்தி சொன்னார்கள். விட்டுக்கொடுத்துப் போகக் கூடாதா என்றார்கள். ஒரு சித்தப்பா, "கையெழுத்து போட்டா கையா தேஞ்சுடும்?" என்று கேட்டார். ஒவ்வொருவருக்கும் டிப்ளமா என்றால் என்ன என்பதிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. ஆறு பாடம், ஏழு புள்ளி என்று அவள் ஆரம்பித்ததும், "அதெல்லாம் விடும்மா, அண்ணன் மனசு நொந்துடுச்சு பாரு" என்பார்கள்.

ஒருநாள் பள்ளி விட்டுப் போகையில் அந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தாள். மறுபக்கம் நடைபாதையில் ஏறியதும் ஒரு குடை கண்ணில் பட்டது. குடையைப் பிடித்திருந்தது அண்ணி. குடைக்குக் கீழே பாப்பா அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு, போவோர் வருவோரை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பாலத்துல ஏன் ஏறலை?"

தலையில் மூட்டையோடு நின்ற அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுல ஏறினா அதோ அங்க இருக்கற ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோய் இறக்குது. எனக்கென்ன நோயா? பஸ்ஸு நிக்கிறது இங்க. இறங்கி மறுபடி இவ்வளவு தூரம் திரும்பி நடக்கணுமா?"

"முன்னாடியும் பஸ் இங்கதான் நிக்குமா?"

"முன்னாடி அங்க நின்னுது. சாலையை அகலமாக்கும்போது நிறுத்தத்தைத் தூக்கி இங்க வெச்சுட்டாங்க. பாலத்தைத் தூக்க முடியுமா?"

அடுத்து வந்தவர், சாயங்கால வெயிலில் நீண்டு விழுந்திருந்த பாலத்தின் நிழலில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "பாலமா? இங்க எங்கம்மா பாலம் இருக்கு?" என்று கேட்டார். அண்ணி குடையால் மேலே காட்டினார். அவர் நிமிர்ந்து பார்த்து, "அட!" என்றார்.

பாப்பா அத்தையைப் பார்த்துவிட்டாள். ஒரு நொடி தயங்கினாள். பிறகு அட்டையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "மேடம், நீங்க இப்பக் கீழதானே கடந்தீங்க. ஏன்?" என்றாள்.

 வருடக்கணக்காகக் கெடு மேடம் இதே இடத்தில் கீழேதான் கடக்கிறாள். ஏன் என்று அவள் யோசித்ததே இல்லை. வேறு எவளாவது கேட்டிருந்தால் முறைத்திருப்பாள்.

"அவசரம்" என்றாள்.

"என்ன அவசரம்?"

"உன்னோட விசாரணைக்கெல்லாம் பதில் சொல்ல முடியாது. என்னைச் சேர்க்காத, நான் உனக்குச் சொந்தம்" என்று விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் அண்ணி சிரிப்பது கேட்டது. அண்ணி வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டதே இல்லை.

கட்டுரை உண்மையான கெடுவுக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தது. கடைசிப் பேச்சில் பாப்பா ஜியாக்ரஃபி சாரைப் பேசவே விடவில்லையாம். பாலத்தின் படியும் நிறுத்தமும் எப்படிப் பிரிந்துபோயின, மனிதர்கள் சோம்பேறிகள் இல்லை, அவர்கள் போகும் வழியில் பாலம் இல்லை என்று மேஜையில் விரலால் வரைந்து காட்டியிருக்கிறாள். "தும்மக்கூட இடைவெளி கிடைக்கல மேடம்" என்றார் சார்.

முடிவுகள் வந்தன. பாப்பா டிப்ளமா வாங்கிவிட்டாள். கணிதத்தில் ஏழுக்கு ஏழு. மற்றவை ஐந்தும் ஆறுமாக. ஏ முதல் ஈ வரை தரம் போடும் கட்டுரைக்கு சி. அவசரத்தில் எழுதிய கட்டுரையின் குறைகள் அதில் இருந்தன. அதற்கு மேல் யார் கொடுப்பார்கள்? அண்ணன் ஆசைப்பட்ட வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. நகரத் திட்டமிடல் சொல்லித்தரும் ஒரு கல்லூரி கிடைத்தது. பேருந்தில் போய்வரும் தூரம்தான். பாப்பாவுக்கு அதுவே பிடித்திருந்தது.

மாதக்கணக்காகப் பேசாமல் இருந்த அண்ணன் அன்று தொலைபேசியில் கூப்பிட்டார். அவள் ஆசையாக எடுத்தாள்.

"அந்தத் துறைமுகத்தை அனுப்பியிருந்தா ஏ வந்திருக்கும்."

அவளுக்கு ஃபோனைச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. "வெச்சுடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். மன்னிப்பு எதிர்பார்த்தவள் அல்ல. ஆனால் ஒரு வார்த்தை, பாப்பா பாஸாயிட்டா என்று ஒரு வார்த்தை நல்லதாக வந்திருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அண்ணன் அவள் வீட்டுக்கு வந்தார். உள்ளே நுழைந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சமையலறைத் தரையைப் பார்த்தார். குனிந்து ஒரு டைலைத் தட்டினார்.

"எவன் போட்டான் இதை? மட்டமே பாக்காம. தட்டினா சத்தம் கேக்குது பாரு, உள்ள சிமெண்டே இல்ல."

"நீங்க அனுப்பின ஆள்தான்."

"நான் அனுப்பினவனா?" மண்டியிட்டு இன்னொன்றைத் தட்டினார். "அவனை நிறுத்தியாச்சு. நாளைக்கு வேற ஆள் வருவான். இங்கேருந்து இதுவரைக்கும் பேத்து எடுக்கணும். இதெல்லாம் நீ முன்னாடியே சொல்ல மாட்டியா?"

"சொன்னா கேட்டீங்களா? ரெண்டு வருஷமா சொல்றேன்!"

"சரி சரி" என்றார் அண்ணன், தரையிலிருந்து தலை தூக்காமல். அவள் உள்ளே போய், அவர் முட்டிக்கடியில் போட ஒரு பழைய துணியை எடுத்துவந்து கொடுத்தாள்.